கெட்டிமேளம் வரைக்கும்தான் சங்கீதமா?

‘இப்பல்லாம் என்ன கேட்டுக்கிட்டிருக்கீங்க?’

மார்கழி நெருங்கினால் போதும், சென்னையில் இந்தக் கேள்வி ஜலதோஷம் மாதிரி பரவும். சபா கேன்டீனில், வாக்கிங் போகிற பார்க்கில், ஆபீஸ் லிஃப்ட்டில்... பதில்களும் தயாராக இருக்கும். ஒருவர், செம்மங்குடியின் பழைய கச்சேரி ஒன்று கிடைத்தது என்பார். இன்னொருவர், எம்.டி.ராமநாதனைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறமாட்டேன் என்கிறது என்பார். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் பாக், பீத்தோவன் வரை பட்டியல் நீளும். எல்லாமே நல்ல சங்கீதம். அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை.

என் தகராறு, அந்தப் பட்டியலில் எப்போதுமே இல்லாத ஒன்றைப் பற்றி. பத்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். ‘போன வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்டேன் சார்’ என்று சொல்கிற ஒரு ஆள் தேறினால் பெரிய விஷயம். அதே பத்து பேரிடம், ‘கடைசியாக உங்கள் காதில் நாதஸ்வரம் விழுந்தது எப்போது?’ என்று கேளுங்கள். ‘போன முகூர்த்தத்தில்’ என்பார்கள் பத்து பேரும். காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. மழைச் சத்தம் கூடத்தான் காதில் விழுகிறது.

திருவண்ணாமலை பக்கம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிற ஊர் அது. நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டம் வண்டி வண்டியாக இந்த ஊரைக் கடந்து போகும். நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மண்டபத்தில் மேளக்காரர்களுக்கு ஒதுக்கியிருந்த இடம், செருப்பு விடுகிற வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம். மாப்பிள்ளை காசி யாத்திரை முடித்து உள்ளே வந்து, ஐயர் அடுத்த சடங்குக்குத் தட்டு அடுக்குகிற இடைவெளியில், மூத்த வித்வான் தோடியை ஆரம்பித்தார். அவசரமே இல்லாத தோடி. கீழே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அதை விடவும் மனசில்லாமல், தாண்டவும் மனசில்லாமல், அதையே சுற்றிச் சுற்றி வந்தார். தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் கேட்டுக்கொண்டிருந்தது அந்தத் தவில்காரரும் இன்னும் நாலைந்து பேரும்தான். ஐந்தாவது நிமிஷம் மைக் செட் பையன் ஸ்பீக்கரில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டான். வித்வான் நிறுத்தவில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தனக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரோ கையை ஆட்டி, ‘கெட்டிமேளம்! கெட்டிமேளம்!’ என்று கத்தினார்கள். தோடி அந்தரத்தில் நின்றது. தாலி ஏறியது. கூட்டம் பந்திக்கு ஓடியது.

நமக்கு நாதஸ்வரம் தேவைப்படுகிற நேரம் அந்த அரை நிமிஷம்தான். தாலி கட்டும்போது யாரும் தும்மினால், அபசகுனமாக ஏதாவது பேசினால், அது காதில் விழக் கூடாது. அதற்காக ஒரு சத்தம். உலகத்தின் மிகக் கடினமான துளைக் கருவிகளில் ஒன்றை, பத்து வருஷம் சாதகம் பண்ணிக் கற்றுக்கொண்ட ஒரு மனிதரை, நாம் தும்மலை மறைக்கப் பயன்படுத்துகிறோம்.

கடினம் என்று சும்மா சொல்லவில்லை. ஆச்சா மரத்தில் கடைந்த நீளக் குழல். விரல் வைக்க ஏழு துளை. நுனியில் நாணலில் செய்த சீவாளி. வீணையில் மெட்டு இருக்கிறது, ஆர்மோனியத்தில் கட்டை இருக்கிறது. நாதஸ்வரத்தில் ஸ்வரத்தின் பாதி, துளையில் இல்லை. உதட்டிலும் மூச்சிலும் இருக்கிறது. சீவாளியைக் கொஞ்சம் அழுத்தினால் ஒரு ஸ்ருதி, தளர்த்தினால் வேறொன்று. தோடியின் கமகத்தை இந்தக் கருவியில் பிசிறில்லாமல் கொண்டுவருவது கயிற்றின் மேல் நடக்கிற காரியம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தவில்காரர், வலது கை விரல்களில் கெட்டியான கூடு மாட்டி, இடது கையில் கழி பிடித்து, இரண்டு கைக்கும் இரண்டு விதமான கணக்கை ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓட்டுகிறார்.

*

‘அதெல்லாம் சரி, செவ்வியல் இசை என்றால் கச்சேரி மேடைதானே?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன நினைவூட்டல். சென்னையில் மியூசிக் அகாதமி தோன்றியது 1928-ல். அதற்கு முன்னால் பல நூறு வருஷங்களாக ராக ஆலாபனையைப் பொதுஜனம் டிக்கெட் இல்லாமல் கேட்ட இடம், கோயில் வீதி. காலையில் பூபாளம், பௌளி. சாயந்திரம் பூர்வி கல்யாணி. பள்ளியறைக்கு நீலாம்பரி. ஸ்வாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. மணிக்கு ஒரு ராகமாக ஊருக்கே கடிகாரம் காட்டியது நாதஸ்வரம். ஜி.என்.பாலசுப்பிரமணியம் மாதிரியான பெரிய பாடகர்களே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் ஆலாபனையில் மயங்கி அதன் வழியில் போனவர்கள்தான். மேடைப் பாட்டுக்கு வீதிதான் வாத்தியார். வாத்தியாரை வாசலில் நிறுத்திவிட்டு மாணவனுக்கு ஹாலில் ஏ.சி. போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். திருஞானசம்பந்தர் அண்ணாமலையைப் பாடிய முதல் பதிகத்தின் பண், நட்டபாடை. அதை இன்றைக்கு நாம் கம்பீர நாட்டை என்கிறோம். கோயிலிலிருந்து ஸ்வாமி வெளியே வரும்போது நாதஸ்வரம் வாசிக்கிற மல்லாரி எந்த ராகத்தில்? அதே கம்பீர நாட்டை. ஆயிரத்து முந்நூறு வருஷ தூரத்தை ஒரு ராகம் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் இதே ஊரில் அருணகிரிநாதர். திருப்புகழ்ச் சந்தங்களுக்குத் தாளம் போட்டுப் பார்க்க இன்றைக்கும் பெரிய பெரிய லய வித்வான்களுக்கே விரல் பின்னிக்கொள்ளும். முத்துசுவாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களைப் பாடியபோது அக்கினித் தலமான இந்த ஊருக்கு சாரங்கா ராகத்தில் ‘அருணாசலநாதம்’ செய்து வைத்தார். சங்கீதத்தின் ரிஷிமூலமே இங்கே கிடக்கிறது. ஆனால், திருவண்ணாமலை போய்விட்டு வருகிறவர்களிடம், ‘கோயிலில் நாதஸ்வரம் யார் வாசித்தார்?’ என்று கேட்டால் முழிக்கிறார்கள். செல்ஃபி எடுத்த நேரம் மட்டும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது.

இந்த மாவட்டத்துக் கிராமங்களில் இன்னொரு சங்கீதமும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பிற்பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. கடைசி நாள் துரியோதனன் படுகளம், தீமிதி. அந்தக் கூத்தில் முகவீணை என்று ஒரு சின்னக் குழல் வாசிப்பார்கள். நாதஸ்வரத்தின் தம்பி. வேஷக்காரர் எட்டுக்கட்டையில் விருத்தத்தை இழுக்கும்போது அது கூடவே போய், அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் ராகத்தைத் தாங்கிப் பிடிக்கும். இதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் ‘நாட்டுப்புறக் கலை’. இதே மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் மாதிரி கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடியதும் ஆடியதும் இலக்கணம் இல்லாமலா? குருகுலவாசம் உண்டு, ராகம் உண்டு, தாளம் உண்டு, அடவு உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மயிலாப்பூர் முகவரி.

*

ராஜரத்தினம் பிள்ளை இந்த மரியாதைப் பிரச்னையை நேருக்கு நேர் மோதியவர். மேளக்காரன் என்றால் சட்டை போடக் கூடாது, நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும், ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதாத சட்டங்கள் இருந்த காலம். அவர் கோட்டு போட்டார். மேடையில் உட்கார்ந்து வாசித்தார். வாய்ப்பாட்டு வித்வானுக்கு என்ன உண்டோ அது எனக்கும் உண்டு என்று ஜபர்தஸ்தாகக் கேட்டு வாங்கினார். திமிர் பிடித்தவர் என்று பெயர் வந்தது. அந்தத் திமிர் இல்லாவிட்டால் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு மேடையே கிடைத்திருக்காது.

ஆனாலும் பாருங்கள். மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது 1956-ல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குக் கிடைத்தது. 1998-ல் ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கிடைத்தது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று நாடே கொண்டாடிய ராஜரத்தினம் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லாமலே 1956 டிசம்பரில் கண்ணை மூடினார்.

சினிமாவாவது மரியாதை செய்ததா? ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடிய காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைத் தமிழ்நாடே கேட்டது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வந்தபோது சிவாஜியின் விரலையும் கன்னத்தையும் பார்த்து அசந்து போனோம். நியாயம்தான், அசாத்திய நடிப்பு. ஆனால், உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்தப் படத்தைப் பத்து தடவை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர்கள் தெரியும்? நமக்கு நாதஸ்வரக்காரர் வேஷம் பிடிக்கும். நாதஸ்வரக்காரர்தான் பிடிக்காது.

இதற்குக் காரணத்தை இசைக்குள் தேடினால் கிடைக்காது, சாதிக்குள் தேடினால் கிடைக்கும். வாசிக்கிறவர்கள் இசை வேளாளர்கள், மருத்துவர் சமூகத்தவர்கள். சின்ன மௌலானா போல முஸ்லிம்களும் உண்டு. ஆந்திராவில் பிறந்து, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, ரங்கநாதருக்கு வாசித்தவர் அவர். ஒரு பக்கம் கோயில் வாசலுக்கு வெளியே மதச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் தேசத்தில், இத்தனை பேரையும் ஒரே சீவாளியில் சேர்த்த வாத்தியம் இது. அதைத்தான் ‘மங்கள இசை’ என்று தொடக்க விழாவோடு நிறுத்திவிட்டு, ஆறரை மணி பிரதான நேரத்தை மற்றவர்களுக்கு வைத்துக்கொள்கின்றன நம் சபாக்களில் பெரும்பாலானவை. மங்களம் என்று சொல்லியே ஒதுக்குவது ஒரு கலை.

*

கோயிலுக்கு வாருங்கள். கூத்து இன்னும் மோசம்.

ஒரு இரும்புச் சட்டம். அதில் முரசு, மணி, சேகண்டி. அடியில் ஒரு மோட்டார். அர்ச்சகர் சுவிட்சைத் தட்டினால் ‘டங்கு டங்கு’ என்று அதுவே அடித்துக்கொள்ளும். தீபாராதனை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடலாம். தமிழ்நாட்டில் இந்த எந்திரம் இல்லாத கோயிலைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்கு ராகம் தெரியாது. சம்பளம் வேண்டாம், லீவு கேட்காது, மரியாதையும் கேட்காது. கடைசி விஷயம்தான் அதன் பெரிய சௌகரியம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எந்திரம் திடீரென்று வரவில்லை. ஒரு காலத்தில் மேளத்தில் ஒத்துக்காரர் என்று ஒருவர் இருப்பார். ஒரே ஸ்ருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். பல இளம் வித்வான்களுக்கு அதுதான் பால பாடம். எலெக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டி வந்ததும் முதலில் காணாமல் போனவர் அவர். ஒரு பெட்டி ஒருவர் வேலையைத் தின்றது. இன்னொரு பெட்டி மொத்த மேளத்தையும் தின்கிறது.

‘சின்னக் கோயில் சார். ஒரு கால பூஜைக்கே எண்ணெய் இல்லை. மேளத்துக்கு எங்கே போவது?’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கீழ் மட்டும் 40,000-க்கு மேல் கோயில்கள். பெரும்பாலானவை ஏழைச் சாமிகள். அங்கே தினமும் மேளம் வை என்று நான் கேட்கவில்லை. என் கேள்வி உண்டியல் நிரம்பி வழிகிற கோயில்களைப் பற்றியது. அங்கே எதற்கு அந்த இரும்புச் சட்டம்? நாதஸ்வரக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அந்த இடம் ஏன் காலியாகவே கிடக்கிறது?

‘பசங்க யாரும் கத்துக்க வர்றதில்லையே?’ இது அடுத்தது. திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இப்படித் தமிழ்நாடு முழுக்க 17 மாவட்டப் பள்ளிகள். நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று வருஷப் படிப்பு. அரசாங்கம் ஒரு கையால் மேளம் கற்றுக்கொடுக்கிறது, இன்னொரு கையின் கண்ணெதிரிலேயே கோயிலில் மோட்டார் மேளம் ஓடுகிறது. சான்றிதழோடு வெளியே வருகிற பையன் எங்கே போவான்? முகூர்த்தம் இருக்கிற மாதங்களில் கல்யாணம். ஆடியிலும் மார்கழியிலும்? அவன் அப்பாவுக்குத் தெரியும், அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று. பிள்ளையை ஐ.டி.ஐ.க்கு அனுப்புகிறார். அவரைக் குற்றம் சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

‘ரொம்ப சத்தம் சார், தலைவலி’ என்பது மூன்றாவது. திறந்த வெளிக்காகச் செய்த வாத்தியத்தை நாலு சுவருக்குள் அடைத்து, மூக்குக்கு நேரே மைக் வைத்து, ஸ்பீக்கரை முழுக்கத் திருகினால் தலைவலி வராமல் என்ன செய்யும்? மைக்கை எடுத்துவிட்டு, முப்பதடி தள்ளி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சாயந்திர வேளையில் கோயில் பிராகாரத்துக் கல்லில் பட்டு வருகிற நாதஸ்வரத்துக்கு ஈடாக ஒரு ஸ்பீக்கர் கம்பெனியும் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தவிர, வரவேற்புக்கு டி.ஜே.வும் கேரளத்துச் செண்டையும் வைத்து ஆடுகிறவர்கள் சத்தத்தைப் பற்றிப் பேசுவது ரொம்ப அழகு.

*

சரி, நீ என்ன கேட்கிறாய் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். ராஜரத்தினத்தின் தோடி. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று சொச்சம் நிமிஷம்தான் அடங்கும். மணிக்கணக்கில் வாசித்த மனிதர் கடலைச் சொம்பில் அடைத்திருக்கிறார். காருகுறிச்சியின் கச்சேரிப் பதிவுகள். அவசரமில்லாத காலையில் கேட்க வேண்டும். சின்ன மௌலானா. சத்தமே போடாமல் நாதஸ்வரம் பேசும் என்பதற்கு அவர் சாட்சி. 2020-ல் பத்மஸ்ரீ வாங்கிய காலீஷாபி மெஹபூப் - ஷேக் மெஹபூப் சுபானி தம்பதி. பெண் வாசிக்க மூச்சு போதாது என்று சொல்கிறவர்களை அந்த அம்மாவின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வைக்கலாம். எல்லாம் இன்றைக்கு உங்கள் கைபேசியிலேயே கிடைக்கிறது. ஐந்து பைசா செலவில்லை.

ஆனால், செத்துப்போன மேதைகளை ஹெட்போனில் கேட்டுவிட்டு, உயிரோடு இருப்பவரை செருப்பு மூலையில் உட்கார வைத்தால், அது ரசனை இல்லை. பதிவு ஒரு தலைமுறையைப் பாதுகாக்கும். அடுத்த தலைமுறையை உண்டாக்காது. அதற்குச் சோறு வேண்டும், எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். நன்றாக வாசிக்க ஆள் இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களே, நன்றாக வாசித்தால் கேட்க நீங்கள் இருந்தீர்களா? கேட்காத ஊரில் எந்த வித்வானும் தோடி வாசிக்க மாட்டார். சினிமாப் பாட்டு வாசித்துவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போவார். கீழ்பென்னாத்தூர்க்காரர் வாசித்தாரே என்றால், அது அவருடைய பெருந்தன்மை.

2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பேனர் வைத்துக் கொண்டாடினோம். பேனருக்குக் கீழே செய்ய வேண்டிய காரியங்கள் ரொம்பச் சின்னவை. அறநிலையத் துறை, வசதியுள்ள கோயில்களிலாவது மோட்டார் மேளத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, இசைப்பள்ளியில் படித்து வெளியே வருகிற பிள்ளைகளை அந்த இடத்தில் உட்கார வைக்கட்டும். சபாக்கள் ஒரு சீசனில் ஒரே ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஆறரை மணியை நாதஸ்வரத்துக்குக் கொடுக்கட்டும், டிக்கெட் வைத்தே கொடுக்கட்டும்.

மூன்றாவது காரியம் உங்களுக்கும் எனக்கும். தை பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும். உங்கள் வீட்டுக் கல்யாணம் என்றால், அழைப்பிதழில் லைட் மியூசிக் கோஷ்டியின் பெயரைப் போடுகிற இடத்துக்கு மேலே மேளக்காரரின் பெயரைப் போடுங்கள். மண்டபத்தில் நடு மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரியுங்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் அரை மணி நேரம் ஸ்பீக்கரை அணைத்து, ‘உங்களுக்குப் பிடித்ததை வாசியுங்க ஐயா’ என்று சொல்லிவிட்டு எதிரே உட்காருங்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால், பந்திக்கு ஓடுவதை ஒரு பதினைந்து நிமிஷம் தள்ளிப்போடுங்கள். இட்லி அதுவரை ஆறிப்போகாது.